தினமும் தட்டிய ஃபில்டர்

சென்ற ஆண்டு பிசான நெல் அறுவடை முடிந்த சமயத்தில் என் லாரி மறுபடியும் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. காலையில் அளவுக்கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தால், முந்தின வாரம் இருந்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஊற்றினால் பத்து நாளில் திரும்ப இறங்கும். கிளப்பும்போது நீலப்புகை. சுமையோடு ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் போகும்போது, முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறுவதைப் போல நின்று நின்று ஏறியது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் இதே வண்டிக்கு இதே அறிகுறிகள் வந்தன. அப்போது அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் காரணம் ஒரு மனிதர். ஒன்பது வருடம் எனக்கு வண்டி ஓட்டியவர்.

என்னிடம் இருப்பது பத்துச் சக்கர டிப்பர் ஒன்றுதான். ஆற்றில் மணல் அள்ளக் கூடாது என்று ஆன பிறகு, எங்கள் பக்கத்து வீடுகளெல்லாம் பாறையை உடைத்த பொடியில்தான் எழும்புகின்றன. கிரஷரில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு வந்து பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் கட்டடம் நடக்கும் இடங்களில் கொட்டுவது என் பிழைப்பு. கிரஷரில் லோடுக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், சில நாள் அங்கே மத்தியானத்திலும் விளக்கைப் போட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். புருவம் வெளுத்துவிடும். மனிதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். லாரி என்ன செய்யும்? டீசலைவிடக் காற்றைத்தான் அது அதிகம் தின்கிறது. அந்தக் காற்றுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காவலுக்கு நிற்பது, மடித்து மடித்து வட்டமாகச் சுற்றிய ஒரு காகிதம். அதைத்தான் ஏர் ஃபில்டர் என்கிறோம்.

எங்கள் வீட்டில் சுத்தம் என்பது வேதபாடத்துக்கு அடுத்த பாடம். அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்தவர். சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் வீட்டிலுள்ள செருப்பும் ஷூவும் முற்றத்தில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அழுக்கு என்று ஒன்று வீட்டில் தங்கக் கூடாது. சுத்தம் சோறு போடும் என்பார். எனக்கு அது லாரி வழியாகச் சோறு போடுகிறது என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை என் வண்டி ஓடாது. சனிக்கிழமை அதற்குத் தலை முதல் கால் வரை குளியல். அதுபோக நாள்தோறும் காலையில் ஒரு வேலை உண்டு. ஃபில்டரைக் கழற்ற வேண்டும், பின்சக்கர டயரில் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்து மறுபடி மாட்ட வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் இதை மாதத்துக்கு ஒருமுறை செய்தால் அதிகம். என்னைக் கேலி செய்வார்கள். கோயில் தேரைக்கூட யாரும் இப்படித் துடைப்பதில்லை என்று ஒருவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலை வேலையைச் செய்தவர் என் டிரைவர். கல்லிடைக்குறிச்சிக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர், அதனால் நான் அவரை 'லே' போட்டுத்தான் கூப்பிடுவேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஃபில்டரை ஒரு கையால் தூக்கி நான் பார்த்ததில்லை, இரண்டு கையாலும்தான் தூக்குவார். அவர் டயரில் தட்டும் சத்தத்தை வைத்து நான் வீட்டுக்குள் இருந்தபடியே மணி சொல்லிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒருமுறை, தினமும் இதைக் கழற்றத்தான் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வண்டி உன்னுடையதா என்னுடையதா என்று திருப்பிக் கேட்டேன். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், சேரன்மகாதேவி தாண்டி லோடோடு வரும்போது வண்டி இழுவையை இழந்து ஓரத்தில் நின்றுவிட்டது. கட்டியிழுத்துக் கொண்டுவந்து இன்ஜினைப் பிரித்தோம். சிலிண்டர் சுவர் முழுக்கப் பூனை பிறாண்டியது போலக் கீறல். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து மெலிந்திருந்தன. மெக்கானிக் எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, தூசி தின்றிருக்கிறது என்றார். எப்படித் தின்றது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்குத்தான் தெரியுமே. தட்டாவிட்டால் தூசி உள்ளே போகும். தட்ட வேண்டியவர் ஒருவர்தான்.

டிப்பர்கள் நிற்கும் பைபாஸ் டீக்கடையில், ஏழெட்டு டிரைவர்களும் முதலாளிகளும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் கூட்டமும் வேண்டும். அது என் பிறவிக் குணம், இந்த வயதிலும் முழுதாகப் போகவில்லை.

"ஒரு நாளும் விடல அண்ணாச்சி. தெனமும் தட்டுனேன்" என்றார்.

"தெனமும் தட்டுனா தூசி எப்படிலே உள்ள போவும்? ஒம்பது வருசம் சோறு தின்ன வாயால பொய் சொல்லுதியே."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டீக்கடை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போனார். குற்றமில்லாதவன் இப்படி வாயை மூடிக்கொண்டு போவானா என்று அங்கிருந்தவர்களைக் கேட்டேன். சிலர் தலையை ஆட்டினார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி என்னிடம் விசாரித்த இரண்டு வண்டிக்காரர்களுக்கும், இன்ஜினை அழித்தவன் என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். மூன்றாவது ஆள் விசாரிக்கவில்லை. ஊர் வாய்க்கு ஒரு வரி போதும்.

வேறு டிரைவர் வைக்கவில்லை, நானே ஓட்டினேன். நானே தட்டினேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டிவிட்டு வந்து படுத்தேன். தட்டும்போதெல்லாம் அவரை நினைப்பேன். இவ்வளவுதானே வேலை, இதைச் செய்ய உனக்கு என்ன கேடு வந்தது என்று மனதுக்குள் கேட்பேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அப்படிப்பட்ட வண்டிதான் திரும்பவும் எண்ணெய் குடித்தது. அப்போதும் எனக்கு ஃபில்டர்மேல் சந்தேகம் வரவில்லை. வண்டிக்கு வயதாகிறது, சில நல்ல சாமான்களைச் சேர்த்துவிட்டால் இன்னும் ஐந்தாறு வருடம் இழுக்கும் என்று நினைத்தேன். ஒரு பட்டியல் எழுதினேன். பெரிய ரேடியேட்டர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செப்பரேட்டர், எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர், கடைசியில் காற்றுக்குழாயின் வாயில் மாட்டுகிற பிரீ-கிளீனர். காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியைக் கிண்ணத்தில் இறக்கிவிடும் தொப்பி அது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஃபில்டரும் குழாயும் விற்கும் ஒரு கடைக்கு வண்டியையே ஓட்டிக்கொண்டு போனேன்.

கடையை நடத்துவது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார், ஒரு சாமானையும் எடுத்துக் காட்டவில்லை. எண்ணெய் எவ்வளவு நாளில் இறங்குகிறது, புகை என்ன நிறம், எந்த ரோட்டில் ஓட்டுகிறேன் என்று வரிசையாக விசாரித்தார். சாமான் வாங்க வந்தவனை டாக்டர் போலக் கேள்வி கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

"ஃபில்டர எத்தன நாளைக்கு ஒருக்கா கழத்துதீய அண்ணாச்சி?"

"தெனமும்" என்றேன். மேடையேறிப் பரிசு வாங்குபவனைப் போலத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு என்னைக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தார். ஒயரோடு கூடிய ஒரு சின்ன பல்பை ஃபில்டரின் உட்குழியில் இறக்கி அதை மட்டும் எரியவிட்டார். காகித மடிப்புகளின் ஊடே ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தது. ஒன்று இரண்டல்ல. கீழ்விளிம்பில் தகரம் ஒரு பக்கமாக நசுங்கி, ரப்பர் பொருந்தாமல் விலகியிருந்தது. டயரில் தட்டித் தட்டி நசுங்கியது. ஓட்டைகள் காற்றடித்ததில் வந்தவை.

பிறகு வண்டிக்கு வந்து, ஃபில்டருக்கும், காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயின் கிளிப்பைத் தளர்த்தச் சொன்னார். வெள்ளைத் துணியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தார். வடிகட்டிய காற்று மட்டுமே போக வேண்டிய வழி அது. துணியில் கிரஷர் பொடி அப்பிக்கொண்டு வந்தது.

"தூசி படிஞ்ச ஃபில்டருதான் அண்ணாச்சி நல்லா வடிக்கும். படிஞ்ச தூசியே ஒரு சல்லடையா நிக்கும்லா. நீங்க அதத் தட்டி விட்டுட்டு, ஓட்டையும் போட்டுட்டு, கழத்துதப்பல்லாம் கொஞ்சம் பொடிய உள்ளயும் சிந்த விட்டிருக்கிய" என்றார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

நான் விடவில்லை. ஊரே டயரில்தானே தட்டுகிறது என்றேன். ஊர் எப்போதாவது தட்டுகிறது, நீங்கள் தினமும் தட்டியிருக்கிறீர்கள் என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் கெட்ட இன்ஜினும் இப்படித்தான் கெட்டிருக்குமா என்று கேட்டேன். அதைத் தான் பார்க்கவில்லை, ஆனால் அப்போதும் இதே முறைதான் என்றால் வேறு எப்படிக் கெட்டிருக்கும் என்று திருப்பிக் கேட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குள் முதலில் எழுந்த நினைப்பை எழுதிவிடுகிறேன். ஐயோ அந்த மனிதருக்கு என்ன செய்துவிட்டோம் என்று அல்ல. இது வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். மற்றது பிறகுதான் வந்தது.

என் பட்டியலை அந்தப் பெண் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ரேடியேட்டரைப் பேனாவால் அடித்தே விட்டார். முதலில் காற்றுக்குழாயில் வெடிப்பு விட்ட ரப்பர் வளைவுகளையும் இளகிய கிளிப்புகளையும் மாற்ற வேண்டும். ஓட்டைக் குழாயை வைத்துக்கொண்டு எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை. அடுத்து, உள்ளுக்குள் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரண்டு ஃபில்டர் கொண்ட புதிய பெட்டி. உள் ஃபில்டர்மேல் வண்டிக்காரன் கை படவே கூடாது. காற்று இழுக்கும் குழாயைக் கேபினுக்கு மேலே உயர்த்தி, அதன் தலையில் பிரீ-கிளீனர். தரைத் தூசி அந்த உயரத்தில் கொஞ்சம் குறைவு. மீட்டரும் வாட்டர் செப்பரேட்டரும் வேண்டியவைதான், இன்ஜின் வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகக் கட்டைவிரல் அளவு ஒரு கண்ணாடிக் குமிழை என் கையில் வைத்தார். ஃபில்டர் உண்மையிலேயே அடைத்துக்கொண்டால்தான் அதில் சிவப்பு ஏறும். சிவப்பு தெரியும் வரை ஃபில்டர் பெட்டியைத் திறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். வாங்கியதிலேயே விலை குறைந்த சாமான் அதுதான். சும்மா இரு என்று எனக்குச் சொல்வதற்கென்றே செய்ததைப் போல இருந்தது.

இன்ஜினுக்கு மறுபடி லைனரும் ரிங்கும் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, வண்டி ரோட்டுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் கை பரபரக்கும். போய்ப் பார்ப்பேன். குமிழில் சிவப்பு இருக்காது. செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் வந்து இறங்கி ஒருவர் ஒன்பது வருடம் தட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் நான் வண்டிக்கு முன்னால் வெறுமனே நிற்பேன். வாரக்கணக்கில் இப்படி நின்றேன். அப்போதுதான் அவர் முகம் சரியாக நினைவுக்கு வந்தது. டீக்கடையில் அவர் நின்றபோது அந்த முகத்தில் பொய் இல்லை, குழப்பம்தான் இருந்தது. நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியது.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுகிறோம். ஐம்பது வருடமாகச் சொல்லுகிறேன். முந்நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது. சுகமாக வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அந்த நாட்களில் மட்டும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் பாவத்துக்கு ஊரும் பேரும் பஸ் நம்பரும் இருந்தன.

முதலில் சுலபமானதைச் செய்தேன். அதே டீக்கடையில், அன்றைக்கு இருந்தவர்களில் நான்கைந்து பேர் இருந்த ஒரு காலையில், தப்பு என்னுடையது, அவர் யோக்கியர் என்று சொன்னேன். பல்பு காட்டிய ஓட்டைகளையும் புதிதாக மாட்டிய சாமான்களையும் சொன்னேன். அவர்கள் பிரீ-கிளீனர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அது பழைய கதை, இப்போது எதற்கு என்று ஒருவர் சொல்லி எனக்கும் ஒரு டீ சொன்னார்.

மறு சனிக்கிழமை வண்டிக்குக் குளியல் போடாமல் பஸ் ஏறினேன். பத்தமடை தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவர் எந்தெந்த வண்டிக்காரரிடம் போய் நின்று, என் ஒரு வரியால் விரட்டப்பட்டிருப்பார் என்று வழியெல்லாம் கற்பனை செய்தேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது, திரும்ப வண்டியை எடுக்கச் சொல்வது என்று பேச வேண்டியதையெல்லாம் அடுக்கிவைத்திருந்தேன்.

கல்லிடைக்குறிச்சியில் கால்வாயை ஒட்டிய தெருவில் அவர் வீடு. மொட்டைமாடியில் துணி விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தது. அவர்தான் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். வாங்க அண்ணாச்சி என்று சொல்லி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். மனைவி வீட்டில் அப்பளம் தேய்க்கிறாள், நான் காயவைத்துச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். கையெல்லாம் மாவு. எனக்கு 'லே' என்று கூப்பிட நா எழவில்லை.

"அன்னைக்கு உம்மேல தப்பு இல்ல வே. எல்லாம் எம்மேலதான்" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் வரும், இல்லை கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் வரவில்லை. என்னை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த நாளுன்னுதான் அண்ணாச்சி எனக்குப் பிடிபடவே இல்ல. ஒவ்வொரு நாளா நெனச்சுப் பாத்தேன். எங்கயோ ஒரு நாளு தட்டாம விட்டிருக்கேன், இல்லேன்னா நீங்க சொல்ல மாட்டியள்லா" என்றார்.

வேறு வண்டிக்குப் போய்க் கேட்டீரா என்றேன். கேட்கவில்லை என்றார். யாரும் அவரை விரட்டவில்லை. அவர் யாரிடமும் போகவே இல்லை.

"இன்னொருத்தர் வண்டியையும் கெடுத்துரக் கூடாதுல்லா அண்ணாச்சி."

நான் ஊர் முழுக்கச் சொன்ன வரியை ஊர் மறந்துவிட்டது. நம்பியவர் அவர் ஒருவர்தான். மூன்று வருடமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு, லைசென்ஸைக்கூடப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, பல்பு காட்டிய ஓட்டைகளைச் சொன்னேன், வெள்ளைத் துணியைச் சொன்னேன். தட்டாமல் விட்டதால் அல்ல, தினமும் தட்டியதால்தான் கெட்டது என்றேன்.

"அப்பவும் என் கையிதான் அண்ணாச்சி கெடுத்திருக்கு."

"நான் சொல்லித்தான நீரு செஞ்சீரு. நீரு கேட்டீரே, நான்தான் வாய அடச்சேன்."

கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி வண்டிக்கு வருகிறீரா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "இத உள்ள வந்து அவகிட்ட சொல்லிருங்க" என்றார்.

உள்ளே அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். கூட்டமில்லாமல், ஒரே ஒருவரைப் பார்த்து, என் தப்பு என்று முழுதாகச் சொல்வது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வண்டியைக் கெடுத்தது நான், உங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளும் வேலையில் குறை வைத்ததில்லை என்றேன்.

குழவி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார்.

"நானும் சொன்னேனே" என்றார். "ஒரு காயிதத்தத் தட்டத் தெரியாத மனுசன்னு, மூணு வருசமா நானும் உங்களச் சொன்னேனே."

சொல்லிவிட்டு மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்றவர் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், மனைவிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "விடு" என்றார். இன்னொரு தடவையும், "விடு, போவுது" என்றார்.

அவர் என்னைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், பார்த்துப் போங்க அண்ணாச்சி என்றார். மனைவியிடம் சொன்ன அந்த 'விடு' என்ற சொல்லை என்னிடம் அவர் சொல்லவில்லை.